காகமும் பனம்பழமும்

(எமது சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

போர்நிறுத்தம், எண்ணெய் விலை ஆகியவை பற்றிப் பரவும் வதந்திகளை எங்ஙனம் ஆராய்வது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். தூரதேசத்து விஷயம் என்று எண்ணிவிடாதீர்கள். 2022ஆம் ஆண்டிலே பெற்றோலுக்காக இரவும் பகலும் வரிசையில் நின்ற நம்மவர்க்கு இது வீட்டு விஷயமே.

அன்று நாம் நின்ற வரிசையிலே ஒரு கதை உலாவிற்று. எண்ணெய்க் கப்பல் கொழும்புக் கடலில் நிற்கிறது. விலை ஏறட்டும் என்று இறக்காமல் வைத்திருக்கிறார்கள். இந்த நிலையத்தாரும் நிலத்தடித் தாங்கியிலே பதுக்கியிருக்கிறார் என்பதே அக்கதை. நாமும் நம்பினோம். அம்மனிதரைப் பார்த்துக் கூவியவர்களுள் நாமும் இருந்தோம். அவர் அளவுகோலைத் தாங்கியினுள் இறக்கி, அது உலர்ந்தபடியே மேலே வருவதைக் காட்டினார். அப்போதும் சிலர் நம்பவில்லை.

கப்பல் நின்றது உண்மையே. மார்ச் 28 முதல் பெற்றோல் கப்பலொன்று நங்கூரமிட்டு நிற்கிறதென்றும், பணம் செலுத்த டொலர் இல்லையென்றும் மே 18இல் அமைச்சரே பாராளுமன்றத்திற் கூறினார். ஆகவே, கண்ட கப்பல் மெய். நாம் கட்டிய காரணம் பொய்.

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். காகம் வந்து இருந்ததும் மெய், பழம் விழுந்ததும் மெய். காகமே வீழ்த்தியது என்பதுதான் நாம் சேர்த்துக்கொண்டது. நம் முன்னோர் இதனைக் காகதாலீய நியாயம் என்றனர். மிஷன் பாடசாலையிலே அளவையியல் கற்றபோது, முன் நிகழ்ந்ததையே பின் நிகழ்ந்ததற்குக் காரணமாகக் கொள்ளும் வழு என்று இதையே படித்தோம். இரு வாயிலால் வந்தாலும் பாடம் ஒன்றுதான்.

இனி, கைத்தொலைபேசிதோறும் வரும் கூற்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். "எண்ணெய் வியாபாரிகளே போரைத் தொடக்குகிறார்கள், அவர்களே நிறுத்துகிறார்கள்; போர்நிறுத்தம் என்பது விலையை ஆட்டுவிக்கும் நாடகம்" என்கிறது அக்கூற்று. இதற்குச் சான்றாக 2025 யூன் மாதத்தைக் காட்டுகிறார்கள். அம்மாதம் 13ஆந் திகதி இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது; விலை ஏறிற்று. 23ஆந் திகதி விலை ஏறத்தாழ 7 வீதம் விழுந்தது. அன்று மாலை, சந்தையின் நாட்கணக்கு முடிந்த பின்னரே அமெரிக்க ஜனாதிபதி போர்நிறுத்தத்தை அறிவித்தார். "அறிவிப்புக்கு முன்னரே விலை விழுந்ததே, இரகசியம் தெரிந்தவர்கள் விற்றுவிட்டார்கள்" என்பது வாதம்.

அந்நாளின் நிகழ்ச்சிகளை மணி பார்த்து வரிசைப்படுத்துவோம். அறிவிப்புக்கு முன்னர், எல்லோரும் அறிய வேறொன்று நடந்தது. ஈரான் கட்டார் நாட்டிலுள்ள அமெரிக்கப் படைத்தளத்தின் மீது ஏவுகணை செலுத்திற்று. ஹோர்முஸ் நீரிணையை அது மூடவில்லை. எண்ணெய்க் கப்பல்களைத் தொடவுமில்லை. சந்தை அஞ்சியது எண்ணெய்ப் பாதை அடைபடும் என்பதற்கே. அவ்வச்சம் தணிந்தது, விலையும் இறங்கிற்று. இரகசியம் அறிந்து விற்றவர் ஒருவருமில்லை என்று நாம் சத்தியம் பண்ண வரவில்லை. விலை விழுந்தது என்பது மாத்திரம் அதற்குச் சான்றாகாது என்கிறோம். இன்னார், இன்ன நேரத்தில், இவ்வளவு விற்றார் என்ற கணக்கு வேண்டும்.

போர்நிறுத்தத்தால் விலை எப்போதும் இறங்குமா? 1973 ஒக்டோபர் 6ஆந் திகதி எகிப்தும் சிரியாவும் இஸ்ரேல்மீது போர் தொடங்கின. 22ஆந் திகதி ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை போரை நிறுத்தும்படி தீர்மானித்தது; சில நாட்களில் சண்டை ஓய்ந்தது. எண்ணெய் விலையோ ஓயவில்லை. ஒக்டோபர் 16ஆந் திகதி பீப்பாய் 3 டொலர் அளவிலிருந்து 5.11 டொலராக உயர்த்தப்பட்ட விலை, 1974 சனவரி முதலாந் திகதி 11.65 டொலராயிற்று. துப்பாக்கி ஓய்ந்தபின் விலை இரட்டித்தது! அரபு நாடுகள் உற்பத்தியைக் குறைத்திருந்தமையும், விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் கம்பெனிகளின் கையிலிருந்து உற்பத்தி செய்யும் நாடுகளின் கைக்கு மாறியமையும் காரணம். 1991இலோ இதற்கு நேர்மாறு. ஈராக்கின்மீது குண்டுவீச்சுத் தொடங்கிய சனவரி 17ஆந் திகதியே விலை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு விழுந்தது. சவூதி எண்ணெய் வயல்களுக்கு ஆபத்து வராது என்று தெரிந்ததும், சேமிப்பிலிருந்த எண்ணெயை வெளிவிடுவோம் என அரசாங்கங்கள் அறிவித்ததும் அதற்குக் காரணங்கள். போர்நிறுத்தம் வந்ததோ பெப்ரவரி 28இல்.

"அப்படியானால் உலகிலே சூழ்ச்சியே இல்லையா?" என்று இளைஞர் கேட்கலாம். உண்டு. 1956 ஒக்டோபரில் பிரித்தானியாவும் பிரான்சும் இஸ்ரேலும் பிரான்சிலுள்ள செவ்ர் என்னும் இடத்திலே இரகசியமாகக் கூடின. இஸ்ரேல் எகிப்தைத் தாக்குவது, மற்ற இருவரும் சமாதானம் செய்விப்பார்போல் வந்து சுயெஸ் கால்வாயைப் பிடிப்பது என ஒப்பந்தம் எழுதினர். அவ்வாண்டு டிசம்பர் 20ஆந் திகதி பிரதமர் ஈடன் தமக்கு முன்னறிவே இல்லை என்று பாராளுமன்றத்திற் சொன்னார். பிரித்தானியப் பிரதி அழிக்கப்பட்டது. இஸ்ரேல் காத்துவைத்த பிரதி 1996இல் வெளிவந்தது. அப்போரின் நிறுத்தத்திலே பணத்துக்கும் எண்ணெய்க்கும் பங்கிருந்ததும் மெய்தான். கால்வாய் அடைபட்டது, சிரியா வழிச் சென்ற எண்ணெய்க் குழாய் தகர்க்கப்பட்டது, பவுண் நாணயம் தளர்ந்தது, அமெரிக்கா கைகொடுக்க மறுத்தது. நவம்பர் 6இல் பிரித்தானியா போரை நிறுத்த உடன்பட்டது.

ஆகவே, ஐயுறுவது குற்றமன்று. ஐயத்தையே தீர்ப்பாக்குவதுதான் குற்றம். செவ்ர் சூழ்ச்சியை நாட்டியது வதந்தியன்று. திகதியும் கையொப்பமும் கொண்ட ஒரு கடதாசி.

இதற்கான கருவியை நாம் கடன்வாங்க வேண்டியதில்லை. சைவசித்தாந்தம் முப்பொருளைப் பேசுமுன் அளவையைப் பேசுகிறது. காண்டல், கருதல், உரை என்னும் மூன்றையும் நாம் சமய வகுப்பிலே மனனஞ் செய்தோம். வரிசையில் நின்றபோது மறந்தோம். காண்டல்: நடந்தது எது, எந்நாளில், எம்மணிக்கு? கருதல்: காரணம் என்று சொல்வது காரியத்துக்கு முன் நின்றதா? அது எவ்வழியால் அதனை விளைத்தது? வேறு காரணம் பொருந்துமா? உரை: சொன்னவர் யார்? அறியத்தக்க இடத்தில் இருந்தவரா? பெயரில்லாத செய்தி உரையளவையாகாது.

பெரியோர்களே, பொய்யான குற்றச்சாட்டு வெறுங்காற்றாய்ப் போவதில்லை. அது யாரோ ஒரு மனிதர்மேல், அல்லது ஒரு சாதிமேல், ஒரு சமயத்தார்மேல் சென்று விழுகிறது. உண்மைக் குற்றவாளிக்கோ அதுவே ஒளிவிடம். நூறு பொய்க் கதைகளுள் மெய்க் கதையும் புதைந்துபோகும்.

உலர்ந்த அளவுகோலைப் பிடித்தபடி நின்ற அந்த மனிதரின் முகம் இன்னும் நம் கண்முன் நிற்கிறது. பின்னொரு நாள் அவரிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லைத் தம்பிமாரே, அடுத்த முறை முதலில் தாங்கியைப் பாருங்கோ" என்றார். அதனையே இன்று உங்கள் முன் வைத்து அமர்கின்றோம்.