தலையும் ஓடும் ஒன்றல்ல
(உசிலம்பட்டிக் கருத்தரங்கில் ஆற்றிய தலைமை உரை)

எனக்குப் பாடம் சொன்னவர்களும் என்னிடம் பாடம் கேட்டவர்களும் ஒருசேர அமர்ந்திருக்கும் அவையில் தலைமை ஏற்பது பெருமை. கொஞ்சம் படபடப்பும் இருக்கிறது. கடலில்லாத உசிலம்பட்டியில் இறாலுக்குக் கருத்தரங்கா என்று வழியில் ஒருவர் கேட்டார். கூனியும் கருவாடும் விற்காத வாரச்சந்தை இந்தப் பக்கம் உண்டா என்று திருப்பிக் கேட்டேன்.

இறால், நண்டு, கணவாய் பதப்படுத்தலில் ஒதுக்கப்படுபவற்றின் கொழுப்பும் அதன் நலப்பயனும் என்பது நமது பொருள். ஈ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பமிலங்கள், பாஸ்போலிப்பிடு, அஸ்டாசாந்தின் நிறமி என்ற வரிசை உங்களுக்கு மனப்பாடம். நண்டையும் கணவாயையும் பிற்பகல் அமர்வுகள் பார்த்துக்கொள்ளும். நான் இறால் தலையை விட்டு நகரப்போவதில்லை.

நம் அட்டவணைகளில் 'இறால் கழிவு' என்று ஒரே தலைப்பு போட்டு, கொழுப்பு இத்தனை விழுக்காடு என்று எழுதிவிடுகிறோம். ஓட்டில் இருப்பது கைட்டின், சுண்ணாம்பு, புரதம். கொழுப்பு மிகச் சொற்பம். இறால் தன் கொழுப்பைச் சேர்த்துவைப்பது தலைக்குள் இருக்கும் கல்லீரல்கணையத்தில். இரண்டையும் ஒன்றாக அரைத்தால் கிடைக்கும் எண், அன்றைய கூடையில் தலை அதிகமா ஓடு அதிகமா என்பதைத்தான் சொல்லும்.

பல ஆண்டுகளுக்கு முன் இதை ஓர் அரங்கில் சொன்னபோது, நான் இன்றும் மதிக்கும் மூத்தவர் ஒருவர், "எல்லாம் ஒரே கூடையில்தானே விழுகிறது?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. பிறகு தூத்துக்குடியில் ஓர் இறால் கம்பெனிக்குப் போய் நின்று பார்த்தேன். தலை கிள்ளும் மேசை வேறு, தொலி உரிக்கும் மேசை வேறு. கட்டைவிரலால் ஓர் அழுத்து. தலை கழன்று, பழுப்பு மஞ்சளாக ஒரு குழம்பு விரலில் வழிகிறது. நாம் தேடும் கொழுப்பு அதுதான். அங்கே வேலைபார்த்த அக்கா ஒருவர் சொன்னார்: "காலைல கிள்ளுன தலை மத்தியானம் கொழகொழன்னு ஆயிரும் சார்." கல்லீரல்கணையச் சுரப்பியின் நொதிகள் அதன் திசுவையே செரிக்கின்றன, பாஸ்போலிப்பிடு உடைந்து தனிக் கொழுப்பமிலமாகிறது. நம் கட்டுரைகளில் கரைப்பானின் பெயர் இருக்கிறது, கிள்ளி எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பது இருப்பதில்லை.

கைட்டின் எடுப்பவர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஓட்டைத் தலையோடு சேர்த்துக் காரத்தில் கொதிக்கவைத்தால் கொழுப்பு சோப்பாகிக் கழிவுநீரோடு போய்விடும். அதற்கு முன்னரே அதைப் பிரித்தெடுத்தால் என்ன?

கொழுப்போடு இருக்கும் நிறமியைச் சமையல் எண்ணெயிலேயே இறக்கலாம் என்று மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவன (சி.எஃப்.டி.ஆர்.ஐ.) ஆய்வாளர்கள் 2005இல் காட்டினார்கள். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காயெண்ணெய் எல்லாம் வைத்துப் பார்த்ததில் சூரியகாந்தி எண்ணெய்தான் நிறமியை அதிகம் இழுத்தது. வாணலியில் இறால் தலையை வதக்கும்போது எண்ணெய் செம்மஞ்சளாவதைப் பார்த்த எவருக்கும் இது புதிதல்ல: சூட்டில் புரதத்தின் பிடி தளர்ந்து அஸ்டாசாந்தின் கரைகிறது. தூய்மை இல்லை என்று சொல்லி இந்த வழியை ஒதுக்கியது தவறு. கோழித்தீவனத்துக்கும் உணவுக்கும் அந்த எண்ணெயே போதும். ஆனால் அதை ஒமேகா-3 எண்ணெய் என்று விற்பதும் தவறு. அதில் மிகப்பெரும் பங்கு சூரியகாந்தியின் லினோலிக் அமிலம்தான்.

நலப்பயனுக்கு வருகிறேன். ஆக்சிஜனேற்றத் தடுப்புச் சோதனையில், சோதனைக்குழாயில் நிறம் மங்கியதை வைத்து இதயத்தைக் காக்கும் என்று எழுதாதீர்கள். ஈ.பி.ஏ.யை மட்டும் நாளுக்கு 4 கிராம் கொடுத்த ரெட்யூஸ்-இட் ஆய்வு 2018இல் பயன் காட்டியது. அதனுடன் டி.ஹெச்.ஏ.வும் சேர்த்து அதே 4 கிராம் கொடுத்த ஸ்ட்ரென்த் ஆய்வு, பயன் தெரியாமல் 2020இல் நிறுத்தப்பட்டது. காரணம் பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை. மருந்துக் குப்பியில் இருக்கும் கொழுப்புக்கே இந்த நிலை என்றால், எதிலிருந்து எடுத்தோம் என்றே எழுதாத கொழுப்பை வைத்து நாம் எதை நிறுவ முடியும்?

முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம். தலையைத் தனியாக எடைபோட்டீர்களா, கிள்ளி எத்தனை மணி நேரத்தில் பனிக்கட்டியில் வைத்தீர்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.