வெடிக்காத எறிகணையும் வெடித்த கிடங்கும்



ஹட்டனில் பஸ் ஏறி, கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியாகக் கொழும்புக்குப் போய்வந்தவர்களுக்குக் கொஸ்கம என்ற ஊர் தெரிந்திருக்கும். அங்கே சாலாவ இராணுவ முகாமில் இருந்த வெடிபொருள் கிடங்கு, 2016 ஜூன் 5ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் தீப்பற்றியது. எறிகணைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்துச் சிதறின. ஒரு படைவீரர் உயிரிழந்தார். சுற்றுவட்டாரத்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கையில் அகப்பட்டதோடு ஓடினார்கள். நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் சேதமாயின.

அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான், மே 31ஆம் திகதி, இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில் புல்காவ் என்ற இடத்தில் அந்த நாட்டின் மிகப் பெரிய வெடிபொருள் கிடங்குகளில் ஒன்று நள்ளிரவு தாண்டி வெடித்தது. தீயணைக்கப் போனவர்களும் படையினருமாக 15க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அங்கே அடுக்கி வைத்திருந்த டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடிகளில் வெடிமருந்து கசிந்துகொண்டிருந்தது என்ற செய்தி பின்னர் வெளிவந்தது. அவை தொழிற்சாலையிலிருந்தே பழுதோடு வந்த கண்ணிவெடிகள். பழுது என்று தெரிந்த பிறகும் அவை கிடங்கிலேயே கிடந்தன.

அகரப்பத்தனையில் கொழுந்து பறித்துப் பிழைக்கும் நமக்கு வெடிகுண்டின் தரத்தோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பழுதான வெடிபொருளுக்குப் பலியாகிறவர்கள் பெரும்பாலும் அதைச் செய்தவர்களும் இல்லை, வாங்கியவர்களும் இல்லை. வேலைக்குப் போகிறவர்களும், பக்கத்து வீட்டுக்காரர்களும், விளையாடப் போன பிள்ளைகளும்தான். ஆகவே இது நம்முடைய விடயம்.

தொழிற்சாலையில் செய்யும் ரவையோ எறிகணையோ இரண்டு விதமாகக் கெடும். வெடிக்க வேண்டிய நேரத்தில் வெடிக்காமல் போவது ஒன்று. வெடிக்கக் கூடாத நேரத்தில் வெடிப்பது மற்றது.

ஒரு துவக்கு ரவையை எடுத்துக்கொள்ளுங்கள். பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி கொடுக்கும் சிறு மூடி, உள்ளே மருந்து, முனையில் ஈயக்குண்டு. இந்த நான்கில் எது பிசகினாலும் ஆபத்து. மூடியில் ஈரம் பட்டால் விசையை அழுத்தினாலும் வெடிக்காது. சில வேளை ஒரு கணம் தாமதித்து வெடிக்கும். வெடிக்கவில்லையே என்று துவக்கின் வாயை எட்டிப் பார்ப்பவருக்கு அந்த ஒரு கணம்தான் எமன். மருந்து குறைந்தால் குண்டு வெளியே பாயாமல் குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதை அறியாமல் அடுத்த ரவையைச் சுட்டால் குழலே வெடித்துச் சுட்டவரின் கையையும் கண்ணையும் பறித்துவிடும்.

இரண்டாவது வகை இன்னும் கொடியது. ரவையையும் எறிகணையையும் செலுத்தும் மருந்து, செய்து வைத்த நாள் முதலே மெல்ல மெல்லச் சிதையத் தொடங்குகிறது. சிதையும்போது சூடு உண்டாகிறது. அந்தச் சூடு சிதைவை இன்னும் விரைவாக்குகிறது. இதைத் தடுக்க மருந்தோடு ஒரு காப்புப் பொருளைக் கலக்கிறார்கள். அந்தக் காப்பும் காலப்போக்கில் தீர்ந்துபோகும். பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் 1907இல் இயேனா என்ற போர்க்கப்பலும், 1911இல் லிபர்த்தே என்ற போர்க்கப்பலும் எதிரி எவரும் தாக்காமலே வெடித்து நூற்றுக்கணக்கான மாலுமிகளைக் கொன்றன. கப்பலுக்குள் சேமித்து வைத்திருந்த மருந்து தானாகவே கெட்டதுதான் காரணம். வெடிமருந்துக்கு ஆயுள் உண்டு. அதன் வயதைக் கணக்கு வைத்து, காலந்தோறும் எடுத்துச் சோதித்து, ஆயுள் முடிந்ததை அழித்துவிட வேண்டும் என்ற பாடத்தை உலகம் இத்தனை உயிர்களைக் கொடுத்துத்தான் படித்தது.

சரி, பழுதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா? இங்கேதான் பெரிய சிக்கல் இருக்கிறது. ஒரு ரவை சரியாக வெடிக்குமா என்று உறுதியாக அறிய அதை வெடித்தே பார்க்க வேண்டும். வெடித்துவிட்டால் அந்த ரவை இல்லை.

கொழும்பு ஏலத்துக்குத் தேயிலை போகும்போது ஒவ்வொரு சாக்கையும் பிரித்து யாரும் சாயம் ஊற்றிப் பார்ப்பதில்லை. ஓர் இன்வொய்ஸிலிருந்து கொஞ்சம் மாதிரி எடுத்து, அளந்து ஊற்றி, ருசி பார்ப்பவர் ஒரு மிடறு வாயில் வைத்துத் துப்புகிறார். அந்த மிடற்றில் முழு இன்வொய்ஸின் விலையும் தீர்மானமாகிறது. ரவைக்கும் இதே வழிதான். ஒரே நாளில், ஒரே மருந்தில், ஒரே இயந்திரத்தில் செய்தவற்றை ஒரு தொகுதியாகக் கட்டி, அதற்கு ஓர் இலக்கம் கொடுத்து, அதிலிருந்து சிலவற்றை எடுத்துச் சுட்டுப் பார்க்கிறார்கள். தேயிலை மட்டமாக இருந்தால் விலை குறையும். ரவை மட்டமாக இருந்தால் உயிர் போகும்.

எத்தனை எடுத்துச் சுட்டால் போதும்? ஒரு தொகுதியில் நூற்றுக்கு ஒன்று பழுது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 ரவைகளை எடுத்துச் சுட்டால், ஒரு பழுதுகூடக் கண்ணில் படாமல் போவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 60. பரிசோதகர் நல்ல மனத்தோடு முத்திரை குத்துவார், பழுது பெட்டியோடு போய்ச் சேரும். 300 சுட்டால் அந்த வாய்ப்பு நூற்றுக்கு 5 ஆகக் குறையும். ஆனால் அத்தனையும் எரிந்து போகும். ஒவ்வோர் எறிகணையும் பெரும் விலை என்னும்போது சோதனையே ஒரு செலவுச் சுமையாகிவிடும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஆபிரகாம் வால்ட். 1902இல் இன்றைய ருமேனியாவின் குளூஜ் நகரில் பிறந்த யூதர். 1938இல் தாம் வாழ்ந்த ஆஸ்திரியாவை நாஜிகள் பிடித்ததும் அமெரிக்காவுக்குப் போனார். அவருடைய குடும்பத்தில் பெரும்பாலானோர் நாஜிகளின் கையில் மாண்டார்கள். இரண்டாம் உலகப் போரின்போது நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வால்டும் வேறு கணித அறிஞர்கள் சிலரும் படைகளுக்காக வேலை செய்தார்கள். 1943இல் அவர்களிடம் கடற்படை அதிகாரி ஒருவர் சொன்னார்: அனுபவமுள்ள ஆயுத அதிகாரி முதல் சில குண்டுகளைச் சுட்டதுமே தொகுதி நல்லதா கெட்டதா என்று கண்டுகொள்வார், அதன்பிறகும் விதிப்படி மிச்சத்தையெல்லாம் சுட்டுத் தீர்ப்பது வீண். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு வால்ட் ஒரு கணித முறையை உண்டாக்கினார். ஒவ்வொரு சூடும் முடிந்ததும் கணக்குப் பார். ஏற்கும் கோட்டைத் தொட்டால் ஏற்றுக்கொள். தள்ளும் கோட்டைத் தொட்டால் தள்ளிவிடு. இரண்டுக்கும் நடுவில் நின்றால் இன்னொன்று சுடு. பழைய முறையின் அதே நம்பகத்தோடு சராசரியாகப் பாதியளவு சோதனையே போதும் என்று அவர் காட்டினார். போர்க்காலத்தில் மறைத்து வைத்திருந்த இந்த முறை 1945இல் வெளியானது. பின்னர் அது மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகள் வரை பரவியது.

அந்த வால்ட் உயிர்விட்டது நம்முடையதைப் போன்ற தேயிலை மலையொன்றில். இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவாற்ற வந்தவர், 1950 டிசம்பர் 13ஆம் திகதி, மனைவியோடு பயணம் செய்த விமானம் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் மலையில் மோதியதில் இறந்தார். 1974 டிசம்பரில் ஏழு கன்னியர் மலையில் விமானம் மோதி 191 பேர் மாண்டதை மறக்காத நமக்கு, அந்த விபத்தை விளக்கத் தேவையில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இங்கிருந்து அனுப்பப்பட்ட நம் சொந்தங்கள் பின்னாளில் கொழுந்து பறிக்கப் போனதும் அதே கோத்தகிரி, குன்னூர், கூடலூர் மலைகளுக்குத்தான்.

அதே நீலகிரியில், குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையில், மலை ரயில் நின்று போகும் அருவங்காட்டில் ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் வேண்டிய மருந்து இன்றும் அங்கே தயாராகிறது. அத்தகைய தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்குத் தரம் என்பது காகிதத்து முத்திரையாக இருக்க முடியாது. கலவையில் ஒரு பிசகு நேர்ந்தால் முதலில் எரிவது அவர்கள்தான். 1916 டிசம்பர் 5ஆம் திகதி இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கருகே பார்ன்போ தொழிற்சாலையில் எறிகணைகளை வெடிக்கவைக்கும் உருகிகளைப் பொருத்திக்கொண்டிருந்த அறை வெடித்து 35 பெண்கள் செத்தார்கள்.

அந்தப் பெண்கள் ஏன் அவசரமாக வேலை செய்ய வேண்டியிருந்தது? முதலாம் உலகப் போரில், 1915இல், பிரிட்டிஷ் படைக்கு எறிகணை போதவில்லை. அரசாங்கம் அதற்கென்றே தனி அமைச்சை அமைத்து, புதிய தொழிற்சாலைகளைத் திறந்து, தொகையைப் பெருக்கியது. தொகை பெருகியது, பரிசோதனை பின்தங்கியது. 1916இல் பிரான்சின் சோம் நதிக்கரையில் ஒரு வாரத்தில் 15 இலட்சம் எறிகணைகளைச் சுட்டார்கள். அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று வெடிக்கவில்லை என்பது கணிப்பு. எதிரியின் முள்வேலி அறுந்திருக்கும் என்று நம்பி ஜூலை முதலாம் திகதி எழுந்து நடந்த பிரிட்டிஷ் படையினரில் 19,000க்கும் மேற்பட்டோர் அந்த ஒரே நாளில் செத்தார்கள். இன்றும் அந்த நிலத்தை உழும் விவசாயிகளின் ஏர்முனையில் அந்த எறிகணைகள் தட்டுப்படுகின்றன.

பழுது வருவது ஒரு துன்பம். பழுது என்று சொன்னவனை நம்பாமல் விடுவது அதைவிடப் பெரிய துன்பம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு மார்க் 14 என்ற டார்பிடோவைக் கொடுத்தார்கள். ஒன்றின் விலை அதிகம் என்பதால் போருக்கு முன் அதை முறையாக வெடித்துச் சோதிக்கவில்லை. போர் தொடங்கியதும் மாலுமிகள் முறையிட்டார்கள்: குறி தவறவில்லை, ஆனால் வெடிக்கவில்லை. கரையிலிருந்த ஆயுதத்துறை அதிகாரிகள் உங்களுக்குக் குறிபார்க்கத் தெரியவில்லை என்றார்கள். 1942இல் அட்மிரல் லொக்வுட், ஆஸ்திரேலியக் கடலில் மீன்வலையைக் கட்டி அதன்மேல் டார்பிடோவைச் சுடவைத்தார். வலையில் விழுந்த ஓட்டையைப் பார்த்தால், அது சொன்ன ஆழத்தைவிட வெகு கீழே ஓடியிருந்தது. 1943 ஜூலையில் டினோசா என்ற நீர்மூழ்கியின் தலைவர், அசையாமல் நின்ற கப்பலொன்றின்மேல் அடுத்தடுத்துச் சுட்டும் பெரும்பாலானவை வெடிக்காமல் போகவே, கடைசி டார்பிடோவைச் சுடாமல் வைத்து, சோதனைக்காகக் கரைக்குக் கொண்டுவந்தார். பிறகு ஹவாய் தீவொன்றின் பாறைச்சுவரில் சுட்டுப் பார்த்தபோதுதான், நேராக மோதினால் அதன் வெடிமுள் வளைந்துவிடுகிறது என்ற உண்மை தெரிந்தது. திருத்தம் சின்னது. அதைக் கண்டுபிடிக்க ஒன்றரை ஆண்டுக்கு மேல் போனது. தாமதத்துக்குக் காரணம், கீழே வேலை செய்கிறவன் சொன்னதை மேலே இருக்கிறவன் காதில் போட்டுக்கொள்ளாததுதான். தோட்டத்தில் வேலை செய்கிற நமக்கு இந்த நோயைத் தெரியாதா என்ன?

பழுதைக் கையாளும் முறை இதிலிருந்தே விளங்கும். பழுதான ஒன்றைக் கண்டால் அதைத் தூக்கி எறியாமல் சான்றாகப் பத்திரப்படுத்த வேண்டும். அதன் தொகுதி இலக்கத்தைக் குறிக்க வேண்டும். அதே இலக்கம் எந்தக் கிடங்கில் இருந்தாலும் உடனே நிறுத்திவைக்க வேண்டும். எந்தக் கூடத்தில், எந்தக் கலவையில் பிசகியது என்று தேடிப் பிடிக்க வேண்டும். தள்ளிய சரக்கை மக்கள் குடியிருப்புக்குத் தொலைவில் வைத்து, காலம் கடத்தாமல் அழித்துவிட வேண்டும். புல்காவில் அப்படி அழிக்கவில்லை.

வெடிக்காத எறிகணை நமக்கு இன்னும் நெருக்கமான இடத்திலும் கிடக்கிறது. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய நம் உறவுகள் ஏராளம். 2009இல் போர் முடிந்த பிறகு அந்த மண்ணில் மிதிவெடிகளோடு வெடிக்காத எறிகணைகளும் புதைந்து கிடந்தன. ஹலோ ட்ரஸ்ட், மேக், டேஷ், ஷார்ப் போன்ற அமைப்புகளில் வேலைக்குச் சேர்ந்த ஆண்களும் பெண்களும், அவர்களில் கணவனைப் போரில் இழந்த பெண்களும், முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக அந்த நிலத்தைச் சுத்தப்படுத்தினார்கள். 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. ஒரு தொழிற்சாலையில் ஒருவர் அசட்டையாகப் பொருத்திய உருகிக்கு, நாற்பது வருடம் கழித்து ஒரு விவசாயி மண்வெட்டி பிடித்த கையோடு விலை கொடுக்க நேரலாம்.

ஆகையால் நேயர்களே, வடக்கிலுள்ள உறவுகளைப் பார்க்கப் போகும் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள். மண்ணில் துருப்பிடித்த இரும்பு எதையும் தொடாதே, தட்டாதே, பழைய இரும்புக்காரருக்கு விற்க எடுக்காதே. மேல் கொத்மலைச் சுரங்க வெடிகளைக் கேட்ட தலவாக்கலைப் பக்கத்தவர்களுக்கும், இன்று கல்லுடைக்கும் இடங்களில் வேலை செய்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். வெடி வைத்த குழிகள் எல்லாம் வெடித்தனவா என்று பொறுப்பானவர் பார்த்துச் சொல்லும்வரை பாறைக்குக் கிட்டப் போகாதீர்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு விலகி வந்து, 119க்கு அழைத்துப் பொலிஸாரிடம் சொல்லுங்கள்.

அரசாங்கத்திடம் நாம் கேட்க வேண்டியதும் உண்டு. வெடிபொருள் கிடங்குகள் குடியிருப்புகளை விட்டு விலகி இருக்க வேண்டும். அங்கே உள்ளவற்றின் வயதும் சோதனை முடிவும் பதிவில் இருக்க வேண்டும். பழுதைச் சுட்டிக்காட்டும் தொழிலாளியையோ சிப்பாயையோ தண்டிக்காமல் காக்க வேண்டும். குறையைச் சொல்கிறவனின் வாயை அடைக்கிற நாடு, அந்தக் குறை வெடிக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறது. அப்படிக் காத்திருக்க நாம் சம்மதிக்கக் கூடாது.