தக்காளி அடி கறுத்தா சுண்ணாம்பு போடலாமா?

(செஞ்சி மாடித்தோட்டக்காரர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

தொட்டித் தக்காளியில காயோட அடி கறுத்து அழுகுதா? அது பூச்சியுமில்ல, தொத்து நோயுமில்ல. காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராத குறை. உடனே சுண்ணாம்பைக் கொட்டிடாதீங்க. மண்ணுல சத்து இருந்தாலும் தண்ணியோடதான் காய்க்கு ஏறும். செஞ்சி வெயில்ல பை சீக்கிரம் காய்ஞ்சிடும். முதல்ல தினமும் சீரா தண்ணி ஊத்துங்க.

அடுத்து மண் பரிசோதனை. தக்காளிக்கு கார அமில நிலை 6 முதல் 7 வரை நல்லது. 6-க்குக் கீழே போனா சுண்ணாம்பு. நிலை சரியா இருந்து சத்து மட்டும் குறைஞ்சா ஜிப்சம். அது கார நிலையை ஏத்தாது. முட்டை ஓடு மெதுவாத்தான் மக்கும், இந்தக் காய்ப்புக்கு உதவாது.

மண் மாதிரியை எங்கே கொடுக்கணும்னு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்க.