வேற்றுமை வேறு, ஏற்றத்தாழ்வு வேறு

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் "வேற்றுமையில் ஒற்றுமை" பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, மொழி வேறு, மதம் வேறு, உடை வேறு என்று எழுதினால் மதிப்பெண் உண்டு. தெரு வேறு, சுடுகாடு வேறு என்பதையும் அதில் சேர்த்து எழுதலாமா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று நான் அளித்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அந்த வினாவிற்குரிய விடையையே இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

நம் தஞ்சைத் தரணி பல பண்பாடுகள் கலந்த மண். இராசராசசோழன் 1010-இல் கட்டி முடித்த பெரிய கோயில் நிற்கும் இந்நகரைப் பின்னாளில் தெலுங்கு பேசிய நாயக்கரும், மராத்தி பேசிய போன்சுலே மன்னரும் ஆண்டனர். சரசுவதி மகால் நூலகத்தில் தமிழ், தெலுங்கு, மராத்தி, வடமொழிச் சுவடிகள் ஒரே கூரையின்கீழ் உள்ளன. நாகூர் தர்காவின் மிக உயர்ந்த மினாராவைக் கட்டித் தந்தவர் மராத்திய மன்னர் பிரதாபசிங். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்றார். தமிழ் நூல்களை அச்சேற்றினார். இவை யாவும் நாம் பெருமை கொள்ளத்தக்கவையே.

ஆயினும், இத்தனை மொழிகளுக்கும் சமயங்களுக்கும் இடமளித்த இதே மண்ணில், நாற்று நட்டு நெல் விளைவித்தவர்களுக்குக் குடியிருந்த மனைகூடச் சொந்தமாக இருக்கவில்லை. அரண்மனையின் மொழி மாறிற்று. சேரியின் நிலை மாறவில்லை. கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகத் திரண்டதற்காகக் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று இரவு 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டன. மாண்டவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். கொளுத்தியவர்களும் கருகியவர்களும் பேசியது ஒரே தமிழ். ஒரு மொழி பேசுவதால் மட்டும் ஒரு மக்களாகிவிட முடியாது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமோ?

கடல் கடந்தும் பாருங்கள். பிரிட்டனில் தலைப்பாகை அணிந்த சீக்கியச் சிறுவனைப் பள்ளியில் சேர்க்க மறுத்த வழக்கில், சீக்கியரும் சட்டப் பாதுகாப்புக்குரிய ஓர் இனக்குழுவினரே என்று 1983-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஆனால் அங்குக் குடியேறிய இந்தியரிடையே நிலவும் சாதிப் பாகுபாட்டை அந்நாடு எளிதில் காணவில்லை. 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் சாதியையும் சேர்க்குமாறு 2013-இல் நாடாளுமன்றம் விதித்தது. 2018-இல் அரசு அம்முயற்சியைக் கைவிட்டு, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்றது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு சமூகத்தின் உடையும் உணவும் விழாவும் தெரிகின்றன. அச்சமூகத்திற்குள் எவன் எவனை மிதிக்கின்றான் என்பது தெரிவதில்லை.

இப்போது அம்மாணவனுக்குரிய விடையைக் கூறுகின்றேன். காவிரி, வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு எனப் பிரிந்து பாய்கின்றது, அது வேற்றுமை. எல்லா வயலும் விளைகின்றது. தலைமடைக்காரன் நீரை அடைத்துக்கொள்ளக் கடைமடை காய்ந்தால், அது வேற்றுமை அன்று, ஏற்றத்தாழ்வு. முன்னதைப் போற்ற வேண்டும். பின்னதை ஒழிக்க வேண்டும். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது அநீதிக்குப் பட்டாடை போர்த்துவதாகும்.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் இதனையே எடுத்துரைத்தார். பல்லாயிரம் சாதிகளாகப் பிளவுண்ட மக்கள் தம்மை ஒரு தேசம் என்று எண்ணிக்கொள்வது மயக்கமே என்றார். தேசம் என்பது முன்னரே முடிந்துபோன கட்டடம் அன்று. சகோதரத்துவத்தால் இனி எழுப்பப்பட வேண்டியது. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு அதற்கு இட்ட கடைக்கால்.

நம் முன்னோர் இந்நாட்டின் ஓரத்தில் ஒண்டி நின்று இரந்தவர் அல்லர். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய இதழ் பின்னர் "தமிழன்" என்றே பெயர் தாங்கிற்று. இரட்டைமலை சீனிவாசனார் 1930-இல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்து நம் உரிமையை எடுத்துரைத்தார். இம்மண்ணின் உரிமையாளராகவே அவர்கள் பேசினர்.

இளைஞர்களே, உங்களிடம் நான் வேண்டுவன மூன்று. நகரங்களுக்குச் செல்லும் நம் பிள்ளைகளுட் சிலர் தம் தெருவின் பெயரைச் சொல்லத் தயங்குகின்றனர். மறைத்துப் பெறும் மதிப்பு, வெளிப்படும் நாள்வரைதான் நிற்கும், ஆகவே மறையாதீர்கள். நாணம் கொள்ள வேண்டியவர் ஒடுக்கியவரே. இரண்டாவதாக, நம் பாட்டிமார் பாடும் நடவுப் பாடல்களையும், பறையின் அடவுகளையும், ஊர் வரலாற்றையும் எழுதி வையுங்கள். எழுதப்படாதது பண்பாடாக எண்ணப்படுவதில்லை. 1971-ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம் மனைக்கு உரிமை வழங்கிற்று. நினைவுக்கு உரிமை வழங்க நாமேதான் வேண்டும். மூன்றாவதாக, நமக்குள்ளேயே உட்பிரிவு பார்த்துப் பெண் கொடுக்க மறுப்பதையும், மகனைக் கல்லூரிக்கு அனுப்பி மகளை வீட்டில் நிறுத்துவதையும் விட்டொழியுங்கள். கடைமடையிலும் ஒருவன் இன்னொருவனுக்கு மடையை அடைத்தால் நாம் யாரைக் குறை கூற இயலும்?

"வேற்றுமையில் ஒற்றுமை" என்று எழுதுங்கள். முழு மதிப்பெண் பெறுங்கள். ஆனால் அவ்வரியின் கீழே, "சமத்துவம் இன்றேல் இரண்டும் இல்லை" என்று இன்னொரு வரியையும் எழுதுங்கள். அன்று அம்மாணவனுக்கு நான் சொல்லத் தவறிய விடை அதுவே.