கடன் சுமையும் தளராத உள்ளமும்

(நமது பள்ளிவாசலில் இஷாத் தொழுகைக்குப் பின் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம். எல்லாப் புகழும் அவனுக்கே. சலவாத்தும் சலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

நம் மஹல்லாவில் ஓர் இளைஞர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் பணிபுரிபவர். சுப்ஹுக்கும் இஷாவுக்கும் தவறாமல் இரண்டாவது ஸஃப்பில் நின்றவர், திடீரென்று நான்கு மாதங்களாகக் காணவில்லை. வேறு ஊருக்குக் குடிபெயர்ந்து விட்டார் என்றே எண்ணியிருந்தோம். ஒரு நாள் மாலை ரயில் நிலையத்தில் அவரைக் கண்டு விசாரித்தோம். தலை குனிந்தபடி அவர் சொன்ன பதில் நம்மை உலுக்கிவிட்டது. "ஹஜரத், பள்ளிக்கு வர ஆசைதான். எனக்குக் கடன் கொடுத்தவர் முதல் ஸஃப்பில் நிற்கிறார். தொழுது முடித்து அவர் திரும்பினால் நான் எந்தப் பக்கம் பார்ப்பது?"

சகோதரர்களே! கடன் ஒரு மனிதரின் பையிலிருந்து பணத்தை மட்டும் எடுத்துச் செல்வதில்லை; அவரை ஜமாஅத்திலிருந்தே எடுத்துச் சென்றுவிடுகிறது. ஆகவேதான் இன்று இதைப் பற்றிப் பேசத் துணிந்தோம். இருவரின் சம்மதத்தையும் பெற்றே, அடையாளம் தெரியாதவாறு இதைக் கூறுகிறோம்.

கடன்படுவது குற்றமா?

கடன்படுவது குற்றமன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்த வேளையில், வீட்டுத் தேவைக்காக வாங்கிய வாற்கோதுமைக்கு ஈடாக அன்னாரின் போர்க்கவசம் ஒரு யூதரிடம் அடைமானமாக இருந்தது என்பதை நாம் அறிவோம். ஆயினும் அதே நபியவர்கள் கடனைவிட்டு அல்லாஹ்விடம் அடிக்கடி பாதுகாவல் தேடினார்கள். ஏன் இவ்வளவு அதிகமாகத் தேடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, கடனாளி பேசினால் பொய்யுரைக்கவும், வாக்களித்தால் மாறுசெய்யவும் நேர்கிறது என்ற கருத்தில் விடையளித்தார்கள்.

நம் பகுதியில் கடன் வந்த வழிகளையும் எண்ணிப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளம் சென்னையின் பல பகுதிகளில் வீட்டுச் சாமான்களை அள்ளிச் சென்றது. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது, பட்டறைகள் மூடின. அப்போது மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதங்கள் கடன் தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்தது. தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை என்பதைப் பலர் பின்னரே உணர்ந்தார்கள். இவை நம் கையை மீறியவை. ஆனால் வலீமா விருந்துக்கும், தவணையில் வாங்கிய விலையுயர்ந்த செல்போனுக்கும் வெள்ளத்தையோ ஊரடங்கையோ காரணம் காட்ட இயலாது. நம் கடன்களில் எது துன்பத்தால் வந்தது, எது ஆசையால் வந்தது என்று பிரித்தறிவதே முதல் நேர்மையாகும்.

முகம் கொடுத்தவர் வரலாறு

ஹிஜ்ரி 36-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 656-இல், ஜமல் போரின்போது ஸுபைர் (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். போருக்கு முன் தம் மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை அழைத்துத் தம் கடனை அடைக்குமாறு வஸிய்யத் செய்தார்கள். கணக்கிட்டபோது அந்தக் கடன் 22 இலட்சம்! ஆடம்பரத்தால் வந்த கடனன்று அது. மக்கள் அமானிதமாகக் கொண்டுவந்த பணத்தை, தொலைந்து போனாலும் தாம் பொறுப்பேற்கும் விதமாக, கடனாக எழுதிக்கொண்டதால் சேர்ந்தது. ரொக்கமாக எதுவும் இல்லை; நிலமும் வீடுகளுமே இருந்தன.

ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் கடன் எவ்வளவு என்று கேட்டபோது, மகனார் முதலில் ஒரு இலட்சம் என்றே கூறினார்கள். அந்த மாமனிதருக்கும் முழுத் தொகையைச் சொல்ல நா எழவில்லை! பின்னர் உண்மையைக் கூறினார்கள். 1,70,000-க்கு வாங்கப்பட்ட ஃகாபா நிலம் 16 இலட்சத்துக்கு விலைபோனது. நான்கு இலட்சம் வரவேண்டிய ஒருவர், "விட்டுவிடுகிறேன்" என்று முன்வந்தும் அதை ஏற்காமல் அவருக்குரியதைக் கொடுத்தார்கள். கடன்களை அடைத்த பின்னரும் வாரிசுகளுக்குப் பங்கிடவில்லை. நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில், ஸுபைரிடம் யாருக்கேனும் வரவேண்டியது இருந்தால் வாருங்கள் என்று அறிவிப்புச் செய்தார்கள்.

நாம் கடன் கொடுத்தவரைக் கண்டு வேறு தெருவில் நடக்கிறோம்; அன்னாரோ கடன் கொடுத்தவர்களைக் கூட்டத்தில் கூவி அழைத்தார்கள். தொகை பெரிதா சிறிதா என்பதில் இல்லை வேறுபாடு. முகம் கொடுக்கிறோமா இல்லையா என்பதில்தான் இருக்கிறது.

எழுதுங்கள், கணக்கிடுங்கள்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? இரண்டாம் அத்தியாயத்தின் 282-ஆம் வசனமாகிய அது, கடனை எழுதி வைப்பதையும் சாட்சிகளையும் பற்றியது. ஆனால் நம்மில் பலர் தம் கடனின் மொத்தத் தொகையைத் தமக்குத் தாமே எழுதிப் பார்க்கவும் அஞ்சுகிறோம்.

ஓர் இலட்சம் ரூபாயை நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டியில் வாங்கியவர் மாதம் 2,000 கட்டுகிறார். ஐம்பது மாதங்களில் ஓர் இலட்சம் கட்டிவிடுகிறார். முதலோ அப்படியே நிற்கிறது. தண்டலில் 10,000 என்று பெயர். பிடித்தம் போக 8,500 கையில் தருகிறார்கள் என்று வையுங்கள். நாளொன்றுக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். மறுநாளே திருப்பத் தொடங்குவதால், ஆண்டுக் கணக்கில் அந்த வட்டி நூறு சதவீதத்தையும் தாண்டுகிறது. கிரெடிட் கார்டில் 50,000 பாக்கி, மாத வட்டி மூன்றரை சதவீதம் என்று கொள்வோம். வட்டி 1,750, அதன் மேல் ஜி.எஸ்.டி. 315. குறைந்தபட்சத் தொகையாக 2,500 கட்டினால் முதலில் குறைவது 435 ரூபாய் மட்டுமே!

வட்டி ஹராம் என்பதை நாம் ஈமானால் அறிந்திருக்கிறோம். அது எப்படி ஒரு குடும்பத்தை அரிக்கிறது என்பதைக் கணக்காலும் அறிய வேண்டும். ஆகவே வட்டிக் கடனை முதலில் அடையுங்கள். பீரோவில் நகை உறங்க, வெளியே வட்டி வளர்கிறதென்றால், அந்த நகையை விற்பது இழிவன்று, விடுதலை.

நடுவழியில் வரும் தளர்ச்சி

சகோதரர்களே! முதல் மாதம் எல்லோருக்கும் உறுதி இருக்கும். சோதனை நடுவில்தான். இதை நாம் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. நமது தாயாரின் அறுவைச் சிகிச்சைக்காகச் சில ஆண்டுகளுக்கு முன் நாமும் கடன்பட்டோம். ஓர் இமாமின் சம்பளம் எவ்வளவு என்பது இங்கே அமர்ந்திருக்கும் நிர்வாகிகளுக்குத் தெரியும். மூன்று ஆண்டுகள் அடைத்தோம். பதினெட்டாம் மாதத்தில், இன்னும் பாதி இருக்கிறதே என்று நோட்டைத் திறக்கவே மனம் வரவில்லை. ஒரு மாதம் தவணையைத் தவறவும் விட்டோம்.

நம்மைத் தூக்கி நிறுத்தியவர் நமது வீட்டார்தான். அவர்கள் அந்த நோட்டை எடுத்து, மீதம் எவ்வளவு என்பதற்குப் பதிலாக, அடைத்தது எவ்வளவு என்று கூட்டி எழுதிவைத்தார்கள். அதன்பின் ஒரு வழக்கம் ஏற்படுத்திக் கொண்டோம். ஒவ்வொரு ஐயாயிரம் அடைபடும்போதும் இரண்டு ரக்அத் நஃபில் தொழுவோம். அன்றிரவு வீட்டில் சேமியாப் பாயசம். பிள்ளைகள், "அத்தா, அடுத்த பாயசம் எப்போது?" என்று கேட்கத் தொடங்கினார்கள். கடன் அடைப்பது வீட்டின் துக்கமாக இருந்த நிலை மாறி, வீட்டின் வேலையாக ஆகிவிட்டது.

நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த பாதுகாவல் துஆவில் கவலை, துயரம், இயலாமை, சோம்பல் ஆகியவற்றோடு கடன் சுமையும் சேர்த்தே கூறப்படுகிறது. கவலை மனிதனை முடக்குகிறது. முடங்கியவனின் கடன் வளர்கிறது. ஆகவே துஆ செய்துவிட்டு எழுந்து உழைக்க வேண்டும். விடுமுறை நாளில் கூடுதல் வேலை, வீட்டுப் பெண்களின் தையல், எதுவும் சிறிதன்று.

சல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் தம் அடிமைத் தளையிலிருந்து விடுபட 300 பேரீச்சங்கன்றுகளும் 40 ஊக்கியா தங்கமும் தருவதாக எழுதிக்கொண்டார்கள். அடிமைத்தனத்தின் காரணமாக பத்ரிலும் உஹதிலும் அவர்களால் கலந்துகொள்ள இயலவில்லை. தோழர்கள் முப்பது, இருபது, பத்து என்று தத்தம் சக்திக்கேற்பக் கன்றுகள் கொணர்ந்தார்கள். குழி தோண்டும் வேலை சல்மானுடையது. நபி (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தால் நட்டார்கள். பிறர் உதவி உண்டு. ஆயினும் குழியை நாம்தான் தோண்ட வேண்டும்!

சிக்கனம் எது, கஞ்சத்தனம் எது?

பிள்ளையின் பாலையும், பள்ளிக் கட்டணத்தையும், பெற்றோரின் மருந்தையும் குறைப்பது சிக்கனமன்று. திருக்குர்ஆன் வீண்விரயத்தையும் கஞ்சத்தனத்தையும் ஒருசேர விலக்கி, இடைப்பட்ட வழியைப் புகழ்கிறது. ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்கு மோட்டார் சைக்கிளில் செல்பவர் மின்சார ரயிலுக்கு சீசன் டிக்கெட் எடுக்கலாம். வெளியில் வாங்கும் பிரியாணியை மாதம் ஒரு முறையாகக் குறைத்து வீட்டில் சமைக்கலாம். "கடன் தீரும்வரை எங்களுக்கு இவ்வளவுதான் இயலும்" என்று உறவினரிடம் துணிந்து சொல்லிவிட்டால், பாதிச் செலவு அங்கேயே நின்றுவிடும். சொல்லத்தான் வெட்கப்படுகிறோம். கடன் வாங்க வெட்கப்படாத நாம், கடன் இருக்கிறது என்று சொல்ல ஏன் வெட்கப்பட வேண்டும்?

ஒன்றை எச்சரிக்கிறோம். ஒரு கடனை அடைக்கச் செல்போன் செயலிகளில் மறுகடன் வாங்காதீர்கள். மிரட்டப்பட்டால் ஒளியாதீர்கள். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. கட்டாய வசூலுக்கு எதிராக 2025-இல் மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டது. வங்கிகள், நிதி நிறுவனங்களின் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் அழைக்கக் கூடாதென 2022-இல் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எவருக்கேனும் வருமானால், அன்றிரவே நமது அறைக் கதவைத் தட்டுங்கள். எந்தக் கடனும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

கடன் கொடுத்தவர்களுக்கும் ஜமாஅத்துக்கும்

கடனாளி கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தரவும், இயன்றால் தர்மமாக விட்டுவிடவும் 2:280 வசனம் வழிகாட்டுகிறது. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் கடனாளிகளும் உண்டு என்பதை 9:60 கூறுகிறது. நாமோ ரமளானில் சில்லறையாகப் பலருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, ஒருவரையும் மீட்காமல் விட்டுவிடுகிறோம். ஆண்டுக்கு இரண்டு குடும்பங்களையாவது வட்டியிலிருந்து முழுமையாக மீட்பது என்று நமது ஜமாஅத் உறுதியெடுக்கலாகாதா? தேவ்பந்தில் 1961-இல் தொடங்கப்பட்ட முஸ்லிம் ஃபண்ட், நகை ஈட்டின் பேரில் வட்டியில்லாக் கடன் வழங்கி வந்திருக்கிறது. அவ்வளவு பெரிதாக இயலாவிட்டாலும், பைத்துல்மாலில் அழகிய கடனுக்கென ஒரு சிறு நிதியை நாம் ஒதுக்கலாம்.

அந்த இளைஞரின் கதைக்கு வருவோம். கடன் கொடுத்தவரிடம் நாம் பேசினோம். அவர், "பணம் தாமதமானதில் வருத்தமில்லை ஹஜரத். என்னைக் கண்டு ஓடுகிறாரே, அதுதான் வருத்தம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். அஸருக்குப் பின் இருவரையும் அமர்த்தி, மாதம் 2,000 என்று தாளில் எழுதிக் கையொப்பமிடச் செய்தோம். இன்னும் பாதிக் கடன் இருக்கிறது. ஆனால் இப்போது அவர் சுப்ஹுக்கு வருகிறார். தொழுது முடிந்ததும் கடன் கொடுத்தவர் திரும்பும்போது, இவரும் முகம் நிமிர்ந்து ஸலாம் சொல்கிறார்.

கடன் முழுதும் தீரும் நாளில்தான் நிம்மதி வரும் என்று காத்திருக்காதீர்கள். ஒளியாமல் நிற்கும் நாளிலேயே அது வரத் தொடங்கிவிடும். இன்றிரவு வீட்டிற்குச் சென்றதும் ஒரு நோட்டை எடுத்து யாருக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். நாளை அவர்களில் ஒருவரிடமாவது நீங்களே சென்று பேசுங்கள்.

யா அல்லாஹ்! எங்களின் கடன்களை ஹலாலான வழியில் அடைக்கச் செய்வாயாக! வட்டியின் பிடியிலிருந்து எங்கள் குடும்பங்களைக் காப்பாயாக! கடன் கொடுத்தோரின் செல்வத்தில் பரக்கத் செய்வாயாக! ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க அஞ்சாத ஜமாஅத்தாக எங்களை ஆக்கி வைப்பாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.