வாங்குகிற வீட்டை வாங்குபவரே பார்த்தால் போதுமா?

(நமது டிரஸ்டின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று பற்றிச் சென்ற கூட்டத்தில் விரிவாகப் பேசினோம். இன்று சுவரையும் மட்டப்பாவையும் பற்றிப் பேசப் போகிறோம். இன்னும் சரியாகச் சொன்னால், அவற்றைப் பார்க்கிற கண்ணைப் பற்றி.

நம் டிரஸ்ட் வேலைகளில் எப்போதும் கூட நிற்கும் ஒரு சகோதரர் இருக்கிறார். சிவில் இன்ஜினியர். இருபத்தைந்து வருடமாகக் கட்டடத் தொழிலில் இருப்பவர். நம்மில் யார் பழைய வீடு வாங்கப் போனாலும் "இன்ஜினியர் பாய் வந்து ஒரு தடவை பார்க்கட்டும்" என்பார்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலைப் பார்த்ததும், இது வெறும் பூச்சு விரிசலா, அஸ்திவாரம் இறங்கியதா என்று சொல்லிவிடுவார். வயலை மேடாக்கிய மனையா என்று பக்கத்து வீட்டில் விசாரிப்பார். அவர் சொன்ன "வேண்டாம்" என்ற ஒரு சொல்லால் தப்பித்த குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கின்றன.

அவர் மூன்று வருடத்துக்கு முன் தனக்காக ஒரு வீடு வாங்கினார். அந்த விஷயத்தை இங்கே பேசலாமா என்று கேட்டோம். "பெயரை மட்டும் விட்டுவிட்டுத் தாராளமாகச் சொல்லுங்கள், நாலு பேருக்கு உதவும்" என்றார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி தரட்டும்.

குற்றாலம் போகிற பக்கம் வீடு. பார்த்தது பங்குனி வெயிலில். பள்ளிவாசலுக்கு நடக்கிற தூரம், அடுத்த தெருவில் மச்சினி வீடு, பிள்ளைகளுக்கு மதரஸா பக்கம். வீட்டம்மாவுக்கு வாசலில் கால் வைத்ததுமே பிடித்துவிட்டது. இவரும் தட்டிப் பார்த்தார், மட்டப்பாவில் ஏறிப் பார்த்தார், ரசமட்டம் வைத்துப் பார்த்தார். மேற்குச் சுவரில் மட்டும் இடுப்பளவுக்குப் புது பெயிண்ட் இருந்தது. அதையும் பார்த்தார்.

பார்த்தவர் என்ன செய்தார்? அவர் வாயாலேயே சொன்னது: "வேறு ஒருத்தர் வாங்கப் போகிற வீடாக இருந்தால் ஒரு ரூபாய்க் காசை எடுத்து அந்தப் பெயிண்டைச் சுரண்டியிருப்பேன். இது என் வீடு என்று மனசு முடிவு பண்ணிவிட்டது. விற்பதற்காகக் கொஞ்சம் அழகு பண்ணியிருக்கிறார்கள் என்று கேள்வியும் நானே கேட்டு, பதிலும் நானே சொல்லிக்கொண்டேன்."

ஆனி பிறந்தது. நம்மூர் சாரல் எப்படி வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று மழையை மேலிருந்து கொட்டாது, மேற்கிலிருந்து சுவரில் அறையும். அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு அது சுகம். மேற்குச் சுவருக்கு அது மூன்று மாதப் பரீட்சை. அந்தச் சுவர் முழுக்க ஓதம் ஏறி, பெயிண்ட் கொப்பளித்து, அடுப்படி மேலே கான்கிரீட் பெயர்ந்து விழுந்து, உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தது. விழுந்த நேரத்தில் அடியில் யாரும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். சரி பண்ண இரண்டரை லட்சம் ஆனது. பணத்தைவிட அவருக்கு வலித்தது வேறு. "எனக்கே தெரியாமல் போச்சே என்று சொல்லக்கூட முடியாது, எனக்குத் தெரிந்திருந்தது" என்றார்.

இதைக் கேட்டு ஒரு சகோதரர் எங்களிடம், "தொழில் தெரிந்தவனுக்கு எதற்கு இன்னொருத்தன்? தன் காசு என்றால்தான் மனிதன் கவனமாகப் பார்ப்பான்" என்று வாதாடினார். நியாயமான பேச்சுதான். தன் காசு என்றால் கவனம் கூடும். ஆனால் ஆசையும் கூடும். கவனம் குறையைத் தேடும்போது, ஆசை அந்தக் குறைக்குச் சமாதானம் தேடும். எதற்குப் பலம் அதிகம் என்பது வீடு வாங்கிய எல்லோருக்கும் தெரியும். மருத்துவர்கள் சாதாரணமாகத் தங்களுக்கோ தங்கள் குடும்பத்தாருக்கோ தாங்களே வைத்தியம் பார்க்கக் கூடாது என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நெறிமுறையிலேயே இருக்கிறது. படிப்பு போதாது என்பதற்காக அல்ல.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களைப் பற்றி வரலாற்று நூல்களில் ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. ஒருவரிடம் குதிரை விலை பேசி, ஓட்டிப் பார்க்கும்போது குதிரைக்கு ஊனம் ஏற்பட்டது. திருப்பி எடுத்துக்கொள் என்றார்கள் உமர் (ரலி). விற்றவர் மறுத்தார். உமர் (ரலி) அப்போது அமீருல் மூமினீன். குதிரையைப் பற்றி அறியாதவர்களும் அல்ல. தாமே தீர்ப்புச் சொல்லியிருந்தால் எதிர்த்துக் கேட்க யார் இருக்கிறார்கள்? ஆனாலும் ஷுரைஹ் என்பவரை நடுவராக ஏற்றார்கள். வாங்கியதை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எடுத்த நிலையிலேயே திருப்பிக் கொடுங்கள் என்று ஷுரைஹ் கலீஃபாவுக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னார். அதற்காகக் கோபப்படாமல், அவரையே கூஃபாவுக்குக் காஜியாக அனுப்பினார்கள். வாங்குகிற இடத்தில் நிற்கும்போது தம் அறிவைத் தாமே நடுவராக்காத அந்தப் பண்பைத்தான் இங்கே பார்க்கிறோம்.

நம் சமுதாயத்துக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அதிகம் யாரும் பேசுவதில்லை. பேங்க் கடனில் வீடு வாங்குகிறவருக்கு, பேங்க் தன் வக்கீலை வைத்துப் பத்திரம் பார்க்கிறது, தன் மதிப்பீட்டு இன்ஜினியரை அனுப்பி வீட்டைப் பார்க்கிறது. அது பேங்க்கின் பணத்தைக் காப்பாற்றத்தான். ஓதம் இருக்கிறதா என்று அவர் சுவரைச் சுரண்டப் போவதில்லை. இருந்தாலும் அந்த வீட்டின் மேல் ஆசையில்லாத ஒரு மனிதர் உள்ளே போய் வருகிறார். நாமோ வட்டி வேண்டாம் என்று ஒதுங்கி, துபாயிலும் சவூதியிலும் பத்துப் பதினைந்து வருடம் சேர்த்த ரொக்கத்தில் வாங்குகிறோம். வட்டியை விட்டது சரி. அதோடு அந்த மூன்றாவது மனிதரையும் விட்டுவிடுகிறோம். அங்கிருந்து வீடியோ காலில் வீட்டைப் பார்க்கிறார், இங்கே மச்சான் போனைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். மச்சானுக்கும் அந்த வீடு பிடித்திருக்கிறது, தன் வீட்டுக்குப் பக்கம் என்பதால். வாய்ப்பிருந்தும் ஒரு நடுநிலையான கண் அந்த வீட்டைப் பார்க்காமலேயே கிரயம் முடிந்துவிடுகிறது.

செலவு என்று சொல்லாதீர்கள். நாற்பது லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 3 லட்சத்து 60 ஆயிரம் அரசாங்கத்துக்குப் போகிறது. புரோக்கர் கமிஷன் தனி. வேறொரு இன்ஜினியருக்குக் கொடுக்கும் சில ஆயிரத்தை மட்டும் நாம் எண்ணி எண்ணிப் பார்க்கிறோம். அதையும் கூலி பேசிக் கொடுத்துக் கூப்பிட வேண்டும். சும்மா வந்து பார்க்கிற சொந்தக்காரர் "நல்லாத்தான் இருக்கு மாமா" என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போவார். மனதைப் புண்படுத்த அவருக்குக் கூச்சம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். கணவரை இழந்த ஒரு சகோதரி, வீட்டை விற்க நினைத்து, என்ன விலை போகும் என்று தொழில் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுகிறார் என்று வையுங்கள். வந்தவர் சுவரைத் தட்டி, கம்பி போச்சு, அஸ்திவாரம் சரியில்லை என்று சொல்லிவிட்டு, இரண்டு வாரம் கழித்துத் தானே விலை கேட்கிறார். அவர் சொன்ன குறை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் சகோதரி அதை ஆலோசனை என்று நினைத்துக் கேட்டார். வாங்குபவரின் பேரம் என்று தெரிந்து கேட்கவில்லை. இது அமானிதத்தில் விழுகிற ஓட்டை. பார்க்கப் போகிறவருக்கு வாங்குகிற எண்ணம் இருந்தால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அந்தச் சகோதரி தனக்காக வேறு ஒருவரைக் கூட்டி வரட்டும். ஒருவருக்காகப் பார்த்துக் கொடுக்கப் போன வீட்டைத் தானே முந்திக்கொள்வது அதைவிட மோசம்.

விற்பவர்களுக்கும் கடமை உண்டு. நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஓதச் சுவருக்குப் புது பெயிண்ட் அடிக்கிறவர் இந்த ஹதீஸை நினைத்துக்கொள்ளட்டும். நாட்டுச் சட்டத்திலும் இது இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆவது பிரிவின்படி, விற்பவர் தமக்குத் தெரிந்த முக்கியமான குறையை, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், சொல்லியாக வேண்டும். இதைக் கவனியுங்கள்: சாதாரணக் கவனத்தில் தெரியக்கூடிய குறைக்கு இந்தப் பிரிவு துணை வராது. கட்டடத் தொழில் செய்கிறவர், தானே சுற்றிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பிறகு எனக்குத் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

அப்படியானால் தெரிந்தவர் தன் வீட்டைப் பார்க்கவே கூடாதா? பார்க்கட்டும், நன்றாகவே பார்க்கட்டும். பார்த்ததை ஒரு தாளில் எழுதட்டும், இதைத் தனக்காக அல்ல, வேறு ஒருவருக்காக எழுதுகிறோம் என்று நினைத்து. அதன் பிறகு அதே தொழிலில் உள்ள இன்னொருவரை, தான் எழுதியதைக் காட்டாமல், விலையும் சொல்லாமல், தனியாக அனுப்பட்டும். இரண்டிலும் வேறுபாடு வந்தால் அட்வான்ஸ் கொடுப்பதை நிறுத்தி வைக்கலாம். முடிந்தவரை ஆனி, ஆடியில் ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள். கோடையிலேயே கிரயம் முடிக்க வேண்டிய நிலை என்றால், பக்கத்து வீட்டுப் பெண்களிடம் நம் வீட்டுப் பெண்கள் கேட்கட்டும். போன சாரலுக்கு அந்த வீட்டில் எங்கெல்லாம் பாத்திரம் வைத்தார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

நம் இன்ஜினியர் பாய் இப்போது மகளுக்காக இலஞ்சிப் பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கிறார். இந்தத் தடவை கடையநல்லூரிலிருந்து தன் தொழில் நண்பர் ஒருவரை வரவழைத்துக் கூலி கொடுத்துக் காட்டினார். அவர் இரண்டு இடத்தில் "சரியில்லை" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பாய்க்கு அதில் ஒன்றில் உடன்பாடு இல்லை, இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார். ஆனால் அட்வான்ஸ் கொடுக்கவில்லை.

நம் ஜமாஅத்தில் கட்டடத் தொழில் தெரிந்த சகோதரர்கள் ஒருவருக்கொருவர் இப்படிப் பார்த்துக் கொடுக்க முன்வந்தால், கணவரை இழந்த சகோதரிகளுக்கும் வெளிநாட்டில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கும் சேர்த்து ஒரு ஏற்பாடு செய்யலாம் என்று டிரஸ்ட் நினைக்கிறது. வசதியில்லாதவர்களுக்கான கூலியை டிரஸ்டே கொடுக்கும், இன்ஷா அல்லாஹ். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.