படிச்ச பள்ளிக்கு எதைக் கொடுக்கலாம்?

அமெரிக்காவிலேயே வளர்ந்து, இங்கேயே ஹைஸ்கூல் முடிச்சு, இப்போ நல்ல வேலையில இருக்கிற நம்ம பிள்ளைங்க நிறைய பேர், "படிச்ச ஸ்கூலுக்கு ஏதாவது செய்யணும், என்ன செய்யலாம்?"னு கேட்கிறாங்க. பேர் பொறிச்ச பெஞ்ச் வேண்டாம். ஹைஸ்கூல்ல இருந்துக்கிட்டே காலேஜ் பாடம் எடுக்கிற பிள்ளைங்களுக்குக் கொடுங்க. டூயல் என்ரோல்மென்ட்னு சொல்றாங்களே, அதுக்கு.

ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் 3 கிரெடிட். பட்டம் வாங்க 120 கிரெடிட் வேணும். பள்ளியிலேயே நாலு பாடம் முடிச்ச பிள்ளை, கிட்டத்தட்ட ஒரு செமஸ்டரை முன்கூட்டியே முடிச்சுட்டுக் காலேஜுக்குள்ள நுழையுது. ஹைஸ்கூல்ல இருக்கிற ஏபி (AP) பாடத்துக்குக் காலேஜ் கிரெடிட் வாங்க மே மாசத் தேர்வு ஒண்ணைத்தான் நம்பணும். டூயல் என்ரோல்மென்ட்ல செமஸ்டர் முழுக்கப் படிச்ச படிப்புக்கே கிரெடிட். 2022-23ல மட்டும் ஏறக்குறைய 25 லட்சம் ஹைஸ்கூல் மாணவர்கள் இப்படிப் படிச்சிருக்காங்க.

செலவை யார் ஏத்துக்கிறாங்கங்கிறது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மின்னசோட்டாவுல 1985லயே இதுக்குச் சட்டம் வந்தது. அங்கே அரசே கட்டணத்தையும் புத்தகச் செலவையும் ஏத்துக்குது. டெக்சாஸ்ல 2023ல வந்த சட்டப்படி, திட்டத்துல சேர்ந்த காலேஜ்கள்ல வசதி குறைஞ்ச மாணவர்களுக்கு இலவசம். ஆனா பல இடங்கள்ல குடும்பம்தான் கட்டணும். ஹைஸ்கூல் பிள்ளைக்குப் பெல் கிராண்ட்ங்கிற மத்திய அரசு உதவித்தொகையும் பொதுவா கிடையாது. நீங்க முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது, உங்க பழைய ஸ்கூல் இருக்கிற மாநிலத்துல என்ன நிலைமைங்கிறதுதான்.

கட்டணத்துக்குக் கொடுக்கிறதா இருந்தா, பதிவு நடக்கும்போதே பணம் காலேஜுக்குப் போய்ச் சேரணும். "பாஸ் பண்ணினா திருப்பித் தர்றோம்"னு சொன்னா, கையில காசு இல்லாத வீட்டுப் பிள்ளை பேரே கொடுக்காது. புத்தகத்தையும் மறந்துடாதீங்க. இப்போ பல கணக்கு, அறிவியல் பாடங்கள்ல வீட்டுப்பாடமே ஆன்லைன்ல. அதைத் திறக்க ஆக்சஸ் கோட் தனியா வாங்கணும். பழைய புத்தகத்தை இரவல் வாங்கிச் சமாளிக்க வழியில்லை. இலவச ட்ரையல் முடிஞ்சதும் பக்கம் பூட்டிக்கும், அந்த வாரத்து மார்க் பூஜ்யம். கட்டணம் இலவசமா இருக்கிற ஊர்லயும் இந்தச் செலவுல தடுக்கி விழற பிள்ளைங்க உண்டு.

இன்னொண்ணு, இதைத்தான் நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறேன். சின்ன ஊர் பள்ளிகள்ல காலேஜ் பாடம் இல்லாததுக்குக் காரணம் பல நேரம் மாணவர் கட்டணம் இல்லை, ஆசிரியர்தான். பள்ளிக்குள்ளேயே காலேஜ் பாடம் நடத்த, அந்தப் பாடத்துல முதுகலைப் பட்டமோ, வேற பாடத்துல முதுகலைப் பட்டத்தோட அந்தப் பாடத்துல 18 கிரெடிட் அளவுக்கு முதுகலைப் படிப்போ கேட்கிறது வழக்கம். நல்லா சொல்லித்தர்ற கணக்கு டீச்சர் அங்கேயே இருப்பாங்க. அந்த 18 கிரெடிட்டுக்குத்தான் அவங்ககிட்ட பணம் இருக்காது. ஒரு பேட்ச் பழைய மாணவர்கள் சேர்ந்து அந்த ஒருத்தரைப் படிக்க வெச்சா, அவங்க அந்த ஸ்கூல்ல இருக்கிற வரைக்கும் வருஷா வருஷம் ஒரு வகுப்பே பலன் அடையும். என்னைக் கேட்டா, முதல் டாலர் அங்கேதான் போகணும்.

பணத்தை ஸ்கூலோட பவுண்டேஷன் வழியா கொடுங்க. இன்ன பையனுக்குன்னு பேர் குறிச்சுக் கொடுத்தா வரிவிலக்கு கிடைக்காது. நீங்க கொடுக்கிறதுக்கு ஈடா உங்க கம்பெனியும் மேட்சிங் தொகை தருதான்னும் கேளுங்க.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பாடங்கள்ல வாங்கற மார்க் காலேஜ் டிரான்ஸ்கிரிப்ட்ல நிரந்தரமா நிக்கும். பெயிலானா பின்னாடி நிதியுதவிக்கும் சிக்கல் வரலாம். மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கிரெடிட்டைப் பெரும்பாலும் ஏத்துக்கும். தனியார் காலேஜ்கள் பல மறுக்கும். பிள்ளை போக நினைக்கிற காலேஜ்ல கேட்டுட்டுப் பாடத்தைத் தேர்ந்தெடுங்க.

பழைய மாணவர்களே, இந்த வாரமே உங்க ஸ்கூல் கவுன்சிலருக்கு ஒரு மெயில் போடுங்க. "காலேஜ் பாடம் நடத்தத் தகுதிக்குக் கொஞ்சம்தான் குறையுதுன்னு எந்த டீச்சராவது இருக்காங்களா? கட்டணம் கட்ட முடியாம பேர் கொடுக்காத பிள்ளைங்க எத்தனை பேர்?" இந்த ரெண்டு கேள்வியைக் கேளுங்க. பதில் வந்ததும் உங்க பேட்ச் குரூப்ல போட்டு, அடுத்த பதிவுக்கு முன்னாடியே பணத்தைச் சேர்த்துடுங்க.